டொயோட்டா 4ஏ-ஜிஇ: முந்தைய என்ஜினும் பிந்தைய என்ஜினும் ஒரே மேசையில்

சூடேறிய என்ஜின் ஐட்லிங்கில் நிற்கும்போது ஆயில் விளக்கு மெல்லத் துடிப்பதையும், நிமிடத்துக்கு 3,000 சுழற்சியை ஒட்டி ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுக்கும் கணத்தில் அடியிலிருந்து கனத்த தட்டல் ஒன்று எழுவதையும் சென்ற ஆண்டு மார்ச் மாதம் கவனித்தேன். வண்டி 1985ஆம் ஆண்டின் டொயோட்டா எம்ஆர்2. இருக்கைகளுக்குப் பின்னால், பின் சக்கரங்களுக்கு முன்னால் குறுக்காக அமர்ந்திருக்கும் அதன் என்ஜின், 4ஏ-ஜிஇ வரிசையின் முதல் தலைமுறையைச் சேர்ந்தது. அந்தத் தட்டலின் காரணத்தைத் தேடத் தொடங்கிய வேலை, அதே என்ஜினின் முந்தைய வடிவத்தையும் பிந்தைய வடிவத்தையும் ஒரே மேசையில் பிரித்து வைத்து, ஒவ்வொரு பாகமாக அளந்து பார்க்கும் எட்டு மாதப் பணியாக வளர்ந்தது.

என்ஜினைப் பற்றிச் சில அடிப்படைச் செய்திகள் தேவைப்படும். 1983ஆம் ஆண்டு மே மாதத்தில் கொரோலா லெவின், ஸ்பிரிண்டர் ட்ருவெனோ ஆகிய ஏஇ86 வண்டிகளில் 4ஏ-ஜிஇ அறிமுகமானது. சாதாரணக் குடும்ப வண்டிகளுக்கான 4ஏ பிளாக்கின் (சிலிண்டர்கள் அமைந்த அடிப்பகுதி) மேல், யமஹாவின் பங்களிப்புடன் உருவான இரட்டைக் கேம் ஹெட் (வால்வுகளைத் திறக்கும் இரண்டு தண்டுகள் கொண்ட மேல்பகுதி) அமைக்கப்பட்டது. சிலிண்டரின் விட்டம் 81 மி.மீ., ஸ்ட்ரோக் 77 மி.மீ., மொத்தக் கொள்ளளவு 1,587 சி.சி. சிலிண்டருக்கு 4 வால்வுகள். காற்றை உள்ளே விடும் இன்டேக் வால்வுகளுக்கும் புகையை வெளியேற்றும் எக்ஸாஸ்ட் வால்வுகளுக்கும் இடைப்பட்ட கோணம் 50 பாகை. 16 வால்வு வடிவம் இருந்த வரை இந்த அடிப்படை அளவுகள் எதுவும் மாறவில்லை. மாறியவை எல்லாம் உள்ளே இருக்கின்றன என்பதால், பிரித்துப் பார்க்காதவருக்கு 1985 என்ஜினும் 1990 என்ஜினும் ஒன்றுபோலவே தோன்றும்.

எம்ஆர்2இல் என்ஜினை மேலே தூக்கி எடுப்பதைவிட, வண்டியின் பின்பகுதியை உயர்த்தி, கியர்பாக்ஸுடன் சேர்த்துக் கீழ்வழியாக இறக்குவதே எளிது. ஒரு முழு வார இறுதி அதற்குச் சென்றது. ஆயில் தேங்கும் சம்ப்பைக் கழற்றியதும் அடியில் பேரிங் உலோகத்தின் துகள்கள் மினுங்கின. மூன்றாவது சிலிண்டரின் கனெக்டிங் ராட் மூடியைத் திறந்தபோது மேல் பேரிங் ஓட்டின் பூச்சு தேய்ந்து செம்பு நிறம் தெரிந்தது. அந்தப் பேரிங் தழுவிநிற்கும் தண்டுப் பகுதியான கிராங்க் ஜர்னலில் நகம் தடுக்கும் ஆழத்துக்கு வரிகள் இருந்தன. நசுங்கிய அகலத்தால் இடைவெளியைக் காட்டும் பிளாஸ்டிகேஜ் இழையை வைத்து இறுக்கி அளந்தேன். கையேடு அனுமதிக்கும் உச்ச இடைவெளி 0.08 மி.மீ.; எனக்குக் கிடைத்தது 0.11 மி.மீ. தட்டலுக்கும் ஆயில் விளக்குக்கும் விடை அங்கேயே இருந்தது.

ஜர்னலை அரைத்து, அளவு குறைந்த பேரிங் போட்டு அதே என்ஜினைத் திரும்பக் கட்டியிருக்கலாம். ஆனால் சிலிண்டர்களும் தேய்ந்திருந்ததால் அவற்றைக் குடைந்து பெரிதாக்கும் போரிங் செலவும் சேரும் என்று தெரிந்தது. அந்த நேரத்தில் ஏஇ92 கொரோலா ஒன்றிலிருந்து கழற்றிய 1990ஆம் ஆண்டு என்ஜின் விற்பனைக்கு வந்தது. அதைப் பார்க்கச் சென்றபோது கேம் கவரின் எழுத்து நிறத்தை நான் கணக்கில் எடுக்கவில்லை. முதல் தலைமுறைக்கு நீலமும் கறுப்புமான எழுத்து, பிந்தையவற்றுக்குச் சிவப்பு எழுத்து என்று சொல்வது வழக்கம்தான். ஆனால் கேம் கவரை எந்த என்ஜினிலிருந்தும் கழற்றி எந்த என்ஜினிலும் மாட்டிவிடலாம். மேலும் சிவப்பு எழுத்து 1987 முதல் 1989 வரையிலான இரண்டாம் தலைமுறையிலும் உண்டு, 1989 முதல் 1991 வரையிலான மூன்றாம் தலைமுறையிலும் உண்டு. நம்பத்தக்க அடையாளங்கள் இரண்டு. பிளாக்கின் பின்பக்கத்தில் வார்ப்போடு வரும் வலுவூட்டும் மேடுகள் முதல் தலைமுறையில் 3, பிந்தையவற்றில் 7. கையை உள்ளே விட்டு விரலால் தடவியே எண்ணிவிடலாம். அடுத்து, சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்தனுப்பும் இன்டேக் மேனிஃபோல்டுக்கும் ஹெட்டுக்கும் இடையே டி-விஸ் என்னும் மடல்கள் கொண்ட தகடு இருந்தால் அது மூன்றாம் தலைமுறை அல்ல. நான் பார்த்த என்ஜினில் மேடுகள் 7 இருந்தன, டி-விஸ் இல்லை. வாங்கிவிட்டேன்.

இரண்டு ஹெட்களையும் கழுவி, இன்டேக் பக்கம் மேலே தெரியும்படி அருகருகே வைத்த அந்த மாலையை நான் நெடுநாள் மறக்கமாட்டேன். பழைய ஹெட்டின் இன்டேக் போர்ட்டுகள், அதாவது காற்று நுழையும் துவாரங்கள், அகன்று, ஒரு பந்தய என்ஜினுக்காகவே வெட்டியவைபோல் இருந்தன. பின்னால் வந்து அதிகத் திறன் தரும் ஹெட்டின் போர்ட்டுகளோ கண்ணுக்குத் தெரியும் அளவுக்குச் சிறியவை. பழைய ஹெட்டின் கேஸ்கெட்டைப் புதியதன் மேல் வைத்தால் சுற்றிலும் உலோக விளிம்பு ஒன்று உள்ளே நீட்டிக்கொண்டு நிற்கிறது. துவாரம் பெரிதானால் காற்று அதிகம், காற்று அதிகமானால் திறன் அதிகம் என்று எண்ணிப் பழகிய எவருக்கும் இது முதலில் தலைகீழாகத் தெரியும்.

விளக்கம் காற்றின் வேகத்தில் இருக்கிறது. பிஸ்டன் கீழே இறங்கும்போது போர்ட்டில் ஓடத் தொடங்கும் காற்றுத் தூணுக்கு எடையும் உந்தமும் உண்டு. பிஸ்டன் அடியைத் தொட்டு மேலே ஏறத் தொடங்கிய பிறகும் இன்டேக் வால்வு சிறிது நேரம் திறந்தே இருக்கும். அந்த நேரத்தில் காற்று தன் வேகத்தாலேயே தொடர்ந்து உள்ளே நுழைந்தால்தான் சிலிண்டர் நன்றாக நிரம்பும். ஒரே அளவு காற்று அகன்ற வழியில் மெதுவாகவும் குறுகிய வழியில் வேகமாகவும் செல்லும். 1983இன் அகன்ற போர்ட்டுகளில், நகரத்தில் ஓட்டும் சுழற்சியில் காற்று சோர்ந்துவிடுகிறது. பெட்ரோல் துளிகளும் அதனுடன் சரியாகக் கலப்பதில்லை.

இந்தக் குறையை டொயோட்டா முதலிலேயே அறிந்திருந்தது. அதற்கு அவர்கள் கண்ட வழிதான் டி-விஸ். ஒவ்வொரு சிலிண்டருக்கும் மேனிஃபோல்டில் இரண்டு தனிக் குழாய்கள் செல்கின்றன. அவற்றில் ஒன்றில் மட்டும் வண்ணத்துப்பூச்சி வடிவ மடல் ஒன்று இருக்கிறது. குறைந்த சுழற்சியில் வேக்குவம் அந்த மடல்களை மூடி வைக்கும். காற்று முழுவதும் மற்றொரு குழாயின் வழியே வேகமாகச் சென்று சிலிண்டருக்குள் சுழன்று இறங்கும். 4,000க்கும் 5,000க்கும் இடையே ஓரிடத்தில் கணினி வேக்குவத்தைத் துண்டித்ததும் நான்கு மடல்களும் ஒரே தண்டில் திறந்துகொள்கின்றன. என் என்ஜினில் அந்த வேக்குவக் குழாய் வெடித்திருந்ததையும் அன்றுதான் கண்டேன். வேக்குவம் இல்லாவிட்டால் மடல்கள் திறந்தே நிற்கும். ஆகவே நான் வாங்கிய நாள் முதல் அந்த வண்டி தன் அகன்ற போர்ட்டுகளின் குறையை முழுதாகச் சுமந்துதான் ஓடியிருக்கிறது. 4ஏ-ஜிஇக்குக் கீழ்ச் சுழற்சியில் இழுவை இல்லை என்று பலர் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். அவர்களில் எத்தனை பேர் அந்த இரண்டு சாண் ரப்பர் குழாயைத் தொட்டுப் பார்த்திருப்பார்கள் என்று இப்போது கேட்கத் தோன்றுகிறது.

மூன்றாம் தலைமுறையில் டொயோட்டா அந்த மடல்களையும் தண்டையும் வேக்குவ அறையையும் நீக்கிவிட்டு, போர்ட்டையே சிறிதாக்கியது. சிக்கலுக்கு மேல் கட்டிய கட்டைக் கழற்றிவிட்டுச் சிக்கலையே தீர்த்த செயல் இது. அதே நேரத்தில் அமுக்க விகிதம் 9.4இலிருந்து 10.3ஆக உயர்ந்தது. இந்த எண்களைக் கொண்டு ஒரு கணக்குப் போட்டேன். ஒரு சிலிண்டரின் கொள்ளளவு 396.8 சி.சி. 9.4 விகிதத்துக்குப் பிஸ்டன் உச்சியில் இருக்கும்போது எஞ்சும் இடம் சுமார் 47.2 சி.சி.; 10.3க்கு 42.7 சி.சி. ஒரு தேக்கரண்டிக்கும் குறைவான நாலரை சி.சி.தான் வேறுபாடு. அது ஹெட்டில் இருக்கிறதா பிஸ்டனில் இருக்கிறதா என்று பார்க்க, எரி அறைகளின் மேல் கிரீஸ் தடவிய கண்ணாடித் தகட்டை அழுத்தி, அளவுக்குழாயிலிருந்து நிறமிட்ட ஸ்பிரிட்டைச் சொட்டு சொட்டாக விட்டு அளந்தேன். இரண்டு ஹெட்களின் அறைகளும் என் அளவீட்டில் அரை சி.சி. வேறுபாட்டுக்குள் அடங்கின. விகிதத்தை உயர்த்தியது பிந்தைய பிஸ்டன்களின் தலையில் கூடியிருக்கும் மேடுதான்.

இதைக் கண்டதும் எனக்கு எழுந்த முதல் எண்ணம், பிந்தைய பிஸ்டன்களை மட்டும் எடுத்துப் பழைய ராட்களில் மாட்டி, பழைய பிளாக்கைப் போர் செய்து கட்டலாம் என்பது. மைக்ரோமீட்டரை எடுத்து அளந்ததும் அந்த எண்ணம் முடிந்துவிட்டது. பழைய பிஸ்டன் பின்னின் விட்டம் 18 மி.மீ., புதியது 20 மி.மீ. அளவு மட்டுமன்று, பொருத்தும் முறையும் வேறு. பழைய பின், ராட்டின் சிறு முனையில் அழுத்தி இறுக்கப்பட்டது. அதை எடுக்கவும் போடவும் பிரஸ் வேண்டும், கை பிசகினால் பிஸ்டன் கோணிவிடும். புதிய பின் பிஸ்டனிலும் ராட்டிலும் சுதந்திரமாகச் சுழல்கிறது. இரு ஓரங்களிலும் சர்க்ளிப்புகள் மட்டுமே அதைத் தடுக்கின்றன. பிஸ்டனைச் சுடுநீரில் வைத்து எடுத்தால் கட்டைவிரலால் தள்ளியே பின்னை நுழைத்துவிடலாம். கிராங்க்கின் ராட் ஜர்னல்களும் 40 மி.மீ.இலிருந்து 42 மி.மீ.ஆக இரண்டாம் தலைமுறையிலேயே வளர்ந்துவிட்டன. அதனால் பிந்தைய பிஸ்டன் வேண்டுமென்றால் பிந்தைய ராட் வேண்டும், அந்த ராட்டுக்குப் பிந்தைய கிராங்க் வேண்டும். ஒன்றைத் தொட்டால் மூன்றும் சேர்ந்து வரும்.

2 மி.மீ. பெரிய வேறுபாடா என்று தோன்றலாம். திண்மையான உருளை ஒன்றின் வளையாமல் நிற்கும் விறைப்பு விட்டத்தின் நான்காம் அடுக்கில் வளர்கிறது. 40க்கும் 42க்கும் இடையே அது ஏறத்தாழ 22 சதவீதம் கூடுகிறது. அந்த விறைப்பு எதற்குத் தேவைப்பட்டது என்பது ஜப்பானிய வெளியீட்டுக் குறிப்புகளைப் பார்த்தால் புரியும். முதல் தலைமுறைக்கு 6,600 சுழற்சியில் 130 பிஎஸ் (மெட்ரிக் குதிரைத்திறன்) என்றும், மூன்றாம் தலைமுறைக்கு 7,200 சுழற்சியில் 140 பிஎஸ் என்றும் அச்சிட்டிருப்பார்கள். வெறும் 10 பிஎஸ்தான் கூடியதா என்று இதைப் படித்து ஏமாறக் கூடாது. 130 என்பது கிராஸ் முறையில், துணைக்கருவிகளின் இழுப்பைச் சேர்க்காமல் அளந்த பழைய எண். அதே என்ஜினை நெட் முறையில் அளந்தபோது 120 பிஎஸ் என்றே குறித்தார்கள். 140 என்பது நெட். ஆகவே உண்மையான உயர்வு 20 பிஎஸ், அதாவது ஆறில் ஒரு பங்கு.

அந்த 20 பிஎஸ் எங்கிருந்து வந்தது? உச்ச திறன் பிறக்கும் இடத்தில் டார்க்கை, அதாவது முறுக்கு விசையை, கணக்கிட்டால் பழையதற்கு 13.0 கிலோகிராம்-மீட்டரும் புதியதற்கு 13.9உம் வருகின்றன. டார்க் 7 சதவீதம் கூடியிருக்கிறது. மிச்சம் முழுவதும் 600 சுழற்சி மேலே ஏறியதால் கிடைத்தது. இந்த ஏற்றத்துக்கு ஒரு விலை உண்டு. பிஸ்டனின் சராசரி வேகம் நொடிக்கு 16.9 மீட்டரிலிருந்து 18.5 மீட்டராகிறது. பிஸ்டனை உச்சியிலும் அடியிலும் நிறுத்தித் திருப்பும் விசை சுழற்சியின் இருமடியில் வளர்வதால், அதே எடைக்கு அது 19 சதவீதம் கூடுகிறது. தடித்த ராட்டும், பருத்த பின்னும், பெரிய ஜர்னலும், பிளாக்கின் 7 மேடுகளும் இந்த விசையைத் தாங்கவே வந்தன என்று என் கையில் இருந்த பாகங்கள் தெளிவாகச் சொன்னன. இவற்றோடு, பிஸ்டனின் அடிப்பகுதியில் ஆயிலைப் பீய்ச்சிக் குளிர்விக்கும் சிறு ஜெட்டுகளும் புதிய பிளாக்கில் இருக்கின்றன. பழைய பிளாக்கில் அவை இல்லை.

இந்த நிலையில் முடிவு எளிதாகிவிட்டது. அடிப்பகுதிக்குப் பிந்தைய பிளாக், கிராங்க், ராட், பிஸ்டன் அனைத்தும். ஹெட்டைப் பொறுத்தவரை மட்டும் ஆசை விடவில்லை. பழைய அகன்ற ஹெட்டும் அதே பிளாக்கில் அப்படியே உட்காரும். வண்டியில் ஏற்கெனவே இருக்கும் மேனிஃபோல்டும் வயரிங்கும் கணினியும் அதற்கே உரியவை. ஆகவே முதலில் பழைய ஹெட்டுடன் கட்டி ஓட்டிவிட்டு, பிறகு அதே அடிப்பகுதியின் மேல் புதிய ஹெட்டை மாற்றிப் பார்ப்பது என்று தீர்மானித்தேன். அமுக்க விகிதமும் பேரிங்கும் பிஸ்டனும் மாறாமல் ஹெட்டையும் அதன் துணைகளையும் மட்டும் ஒப்பிட இதைவிட நல்ல வாய்ப்பு கிடைக்காது. கேம்ஷாஃப்டுகளை இடம் மாற்றவில்லை. அந்தந்த ஹெட்டுக்கு அதனதன் கேம்.

பிளாக்கைச் சுடுகாரத் தொட்டியில் கழுவி வாங்கியதும் ஆயில் ஜெட்டுகளைக் கழற்றி ஒவ்வொன்றிலும் காற்றடித்துப் பார்த்தேன். நான்கில் ஒன்று கரி படிந்து அடைத்திருந்தது. இதைக் கழற்றாமல் விட்டிருந்தால் அந்தச் சிலிண்டரின் பிஸ்டன் மட்டும் குளிர்ச்சியின்றி ஓடியிருக்கும். இந்த என்ஜினைக் கட்டும் எவரும் இந்த அரை மணி நேரத்தைச் செலவிட வேண்டும் என்று வற்புறுத்திச் சொல்வேன். ஜர்னல்கள் நன்றாக இருந்ததால் அரைக்கவில்லை. புதிய பேரிங்குகளுடன் நான்கு ராட்களிலும் இடைவெளி 0.03 முதல் 0.04 மி.மீ. வரை வந்தது. சிலிண்டர்களுக்கு ஹோனிங் மட்டும் செய்து புதிய ரிங் போட்டேன். ஹெட்டின் அடித்தளத்தில் நேர்விளிம்புச் சட்டத்தை வைத்து 0.05 மி.மீ. ஃபீலர் தகட்டை நுழைத்துப் பார்த்தேன். எங்கும் நுழையவில்லை, எனவே சீவவில்லை.

ஹெட் போல்டுகள் பத்தும் ஒரே நீளமல்ல. இன்டேக் பக்கத்தில் 90 மி.மீ., எக்ஸாஸ்ட் பக்கத்தில் 108 மி.மீ. முதலில் நடுவிலிருந்து வெளிநோக்கி 29 நியூட்டன் மீட்டர் இறுக்கி, ஒவ்வொரு போல்டின் தலையிலும் முன்னோக்கி வண்ணப் புள்ளி வைத்து, அதன் பிறகு 90 பாகை, மறுபடியும் 90 பாகை. எல்லாப் புள்ளிகளும் பின்னோக்கி நின்றால் வேலை சரி.

வால்வு இடைவெளி பொறுமையைக் கேட்கும் வேலை. குளிர்ந்த நிலையில் இன்டேக்குக்கு 0.15 முதல் 0.25 மி.மீ., எக்ஸாஸ்டுக்கு 0.20 முதல் 0.30 மி.மீ. வால்வின் தலைமேல் இருக்கும் பக்கெட்டின் மேல் ஷிம் என்னும் வட்டத் தகடு உட்காருகிறது, 2.50 முதல் 3.30 மி.மீ. வரை 0.05 படிகளில் 17 தடிமன்கள். முதல் சிலிண்டரின் இன்டேக் வால்வு ஒன்றில் இடைவெளி 0.10, இருந்த ஷிம் 2.80, இடைவெளி 0.20 வேண்டுமானால் 2.70 ஷிம் போட வேண்டும். இப்படி 16 வால்வுகளுக்கும் அட்டவணை எழுதினேன். இரண்டு ஹெட்களிலிருந்தும் கிடைத்த 32 ஷிம்களை மைக்ரோமீட்டரால் அளந்து தரம்பிரித்து வைத்ததால், புதிதாக ஐந்து மட்டுமே வாங்க நேர்ந்தது. ஷிம்மின் அடியில் எழுதியிருக்கும் எண்ணை நம்பாமல் அளப்பது நல்லது, தேய்ந்தவை இருந்தன.

ஆகஸ்டில் பழைய ஹெட்டுடன் என்ஜின் ஓடத் தொடங்கியது. டி-விஸ்ஸுக்குப் புதிய வேக்குவக் குழாய்களைப் போட்டு, மடல்கள் மூடித் திறப்பதை வேக்குவப் பம்ப்பால் உறுதிசெய்திருந்தேன். விகிதம் உயர்ந்திருப்பதால் உயர்ரக பெட்ரோலையே ஊற்றினேன். பரிசோதனை இணைப்பில் இரண்டு முனைகளைக் கம்பியால் சேர்த்து, இக்னிஷனை உச்சிக்கு 10 பாகை முன்னால் நிறுத்தினேன். வண்டி முன்பு இருந்ததற்கும் இப்போதைக்கும் ஒப்பீடே இல்லை. நகரத்தில் மூன்றாம் கியரிலேயே தடையின்றி இழுத்தது. 4,000ஐத் தாண்டியதும் மடல்கள் திறக்கும் இடத்தில் உறிஞ்சும் ஒலி திடீரென்று தடித்து, முதுகுக்குப் பின்னால் இன்னொரு என்ஜின் சேர்ந்துகொண்டதுபோல் வண்டி ஒரு தள்ளலுடன் முன்னேறியது. அந்தத் தள்ளல் மிக இனியது. ஆனால் திறப்பதற்குச் சற்று முன்னால், ஒற்றைக் குழாய் போதாமல் மூச்சு முட்டும் ஒரு சிறு பள்ளம் இருப்பதையும், அந்தப் பள்ளத்திலிருந்து மீளும்போதுதான் தள்ளல் அவ்வளவு பெரிதாகத் தெரிகிறது என்பதையும் சில நாட்கள் ஓட்டிய பிறகு உணர்ந்தேன். ஈரமான வளைவின் நடுவில் அந்த இடம் வந்துவிட்டால், பின்பாரம் மிகுந்த இந்த வண்டியில் காலை மிகக் கவனமாக வைக்க வேண்டியிருந்தது.

அக்டோபரில் ஹெட்டை மாற்றினேன். சிறிய போர்ட் ஹெட்டுக்கு அதற்குரிய மேனிஃபோல்டும், டி-விஸ் அறியாத அதன் கணினியும் வேண்டும். ஏஇ92 வயரிங்கை எம்ஆர்2இன் வயரிங்கோடு சேர்த்தது மூன்று வார இறுதிகளின் வேலை. முதல் ஓட்டத்தில் சற்று ஏமாற்றமாகவே இருந்தது, ஏனெனில் எதிர்பார்த்துக் காத்திருந்த தள்ளல் வரவில்லை. பள்ளமும் இல்லை, மேடும் இல்லை. 2,500இலிருந்து ஒரே சீராக ஏறிக்கொண்டே போனது. ஆனால் பழைய ஹெட் 6,800ஐ நெருங்கும்போது களைத்துவிடும் இடத்தில் இது இன்னும் ஆவலாக ஏறியது. சிறிய போர்ட் மேல் சுழற்சியில் நெரிக்கும் என்ற என் அச்சம் அந்தச் சாலையிலேயே கரைந்தது. வளைவிலிருந்து வெளியேறும்போது எவ்வளவு அழுத்தினால் எவ்வளவு கிடைக்கும் என்பது ஒவ்வொரு முறையும் ஒன்றாகவே இருப்பதால், மழையிலும் நம்பி ஓட்ட முடிகிறது. ஒலிக்கும் நாடகத்துக்கும் முந்தையது, ஓட்டுவதற்குப் பிந்தையது என்று யாராவது சொன்னால் மறுக்கமாட்டேன். எனக்கு வேண்டியது ஓட்டுவதற்கான என்ஜின்.

அடுத்த படியாக 20 வால்வு வடிவத்துக்குப் போகலாமே என்று நண்பர் ஒருவர் கேட்டார். 1991இல் ஏஇ101உடன் வந்த அதில் சிலிண்டருக்கு மூன்று இன்டேக் வால்வுகளும் தனித்தனி த்ராட்டில்களும் உண்டு. திறன் 160 பிஎஸ். 1995இல் ஏஇ111இல் அமுக்க விகிதம் 11 ஆகி, திறன் 165 பிஎஸ் ஆனது. சிறந்த என்ஜின்தான். ஆனால் எம்ஆர்2இன் குறுகிய அறையில் அதன் நான்கு த்ராட்டில்களுக்கும் இடம் செய்ய வேண்டும். என் நோக்கம் வண்டியின் இயல்பை வைத்துக்கொண்டே அதன் என்ஜினை உறுதியாக்குவதாக இருந்ததால் அந்த வழியில் போகவில்லை.

1,000 கி.மீ. ஓடிய பிறகு ஆயிலை இறக்கி, வடிகட்டியை வெட்டித் திறந்து மடிப்புகளை விளக்கொளியில் பார்த்தேன். ரிங் பதியும்போது வரும் நுண்தூளைத் தவிர வேறில்லை. வால்வு இடைவெளிகளை மீண்டும் அளந்ததில் 15 அப்படியே இருந்தன. நான்காம் சிலிண்டரின் எக்ஸாஸ்ட் வால்வு ஒன்று மட்டும் 0.20க்குக் கீழே இறங்கியிருந்ததால் ஒரு படி மெல்லிய ஷிம்மை மாற்றினேன். சூடான ஐட்லிங்கில் ஆயில் விளக்கு இப்போது எரிவதில்லை. பழைய அகன்ற ஹெட்டை அதன் கேம்களுடனும் டி-விஸ் தகட்டுடனும் ஆயில் தடவி, துணி சுற்றி, ஷிம் அட்டவணையை உள்ளே வைத்துப் பெட்டியில் அடைத்திருக்கிறேன்.